தென்னகப் பாறையும் கடல்கொண்ட நிலமும்

கொல்கத்தாவில் தூய யோவான் ஆலய வளாகத்தில் ஜோப் சார்னாக் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலரின் கல்லறை இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்த அவருடைய கல்லறையில் பதித்துள்ள கரிய கற்பலகை வங்காள மண்ணில் கிடைப்பதன்று. சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளின் கல் அது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய தாமஸ் ஹாலண்டு 1893இல் அக்கல்லின் தனி இயல்பைக் கண்டு, கல்லறையில் உறங்குபவரின் நினைவாக அதற்குச் சார்னோக்கைட்டு என்று பெயரிட்டார். அண்டார்க்டிகாவில் அக்கல்லைக் காண்பவரும் இன்று அப்பெயராலேயே அதைச் சுட்டுவர். பல்லாவரத்தின் பெயரைத் தாங்கியிருக்க வேண்டிய கல், அவ்வூரோடு தொடர்பில்லாத ஒரு வணிக அலுவலரின் பெயரைத் தாங்கி உலகை வலம் வருகிறது.

பெயர் யாருடையதாயினும் கல்லின் வயது யாருக்கும் உரியதன்று. பல்லாவரத்துக் கல் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அது நிலத்தின் மேற்பரப்பில் உருவானதுமன்று. ஏறக்குறைய 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில், 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், நீர்ப்பசை ஏறத்தாழ முற்றும் நீங்கிய சூழலில் வெந்து இறுகிய கல் அது. அவ்வளவு ஆழத்தில் இருந்தது இன்று பேருந்து நிறுத்தத்துக்கு அருகே தலை நீட்டி நிற்கிறது என்றால், அதன் மேலிருந்த 20 கிலோமீட்டர் கனமுள்ள நிலம் எங்கே போயிற்று? மழையும் காற்றும் ஆறும் அதை அரித்துக் கடலுக்குக் கொண்டு சென்றுவிட்டன. தென்னகத்தில் மலை என்று வணங்கப்படுவன பல, உண்மையில் மறைந்துபோன பழைய மலைகளின் வேர்கள். நீலகிரியின் தொட்டபெட்டா 2637 மீட்டர் உயரம் உடையது. அதன் உச்சியில் நிற்பவர் ஒரு மலையின் தலையில் நிற்பதாக எண்ணலாம். நிலவியலார் கணக்கில் அவர் நிற்பது மற்றொரு மலையின் அடிவயிற்றில்.

விந்தியத்துக்குத் தெற்கேயுள்ள முக்கோண நிலத்தைத் தக்காணம் என்ற ஒரே சொல்லால் வழங்குவதனால் அது ஒரே கல்லால் ஆனது போன்ற மயக்கம் எழுகிறது. உண்மையில் இது வெவ்வேறு காலத்துத் துண்டுகள் ஒட்டித் தைத்த நிலம். கருநாடகத்தை உள்ளடக்கிய தார்வார்ப் பகுதியில் 300 கோடி ஆண்டுகளைக் கடந்த பாறைகள் உள்ளன. பெங்களூரு லால்பாக் தோட்டத்தில் மக்கள் மாலை நேரத்தில் ஏறி அமர்கின்ற பாறை அவ்வகையினது. அப்பாறைகளுக்கு இடையே வரி வரியாகக் கிடக்கும் பழைய எரிமலைப் படிவுகளிற்றான் கோலார்த் தங்கம் கிடைத்தது. 3 கிலோமீட்டருக்கும் கீழே சுரங்கம் இறங்கிய பின், 2001இல் அது மூடப்பட்டது. சேலத்துக் கஞ்சமலையின் இரும்புக் கல்லும் மிகப் பழைய தொகுதியைச் சேர்ந்ததே.

காவிரியின் இடைப் பகுதியிலிருந்து பாலக்காடு வரை ஒரு பெரிய முறிவுப் பட்டை நிலத்தினூடே செல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் நீளம் அணிவகுத்து நிற்கையில், பாலக்காட்டில் மட்டும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாயில் திறந்துவிட்டிருப்பது தற்செயலன்று. பழங்காலத்தில் நொறுங்கி நலிந்த பட்டையின் மீது அவ்வாயில் அமைந்திருக்கிறது. கொங்கு நாட்டுக்குத் தென்மேற்குப் பருவக் காற்று நுழையும் வழியும், பழைய வணிகச் சாத்துகள் சேர நாட்டுக்குச் சென்ற வழியும், இன்று பல்லடம், உடுமலைப் பக்கத்தில் காற்றாலைகள் சுழல்வதற்குக் காரணமும் அதுவே. நொறுங்கிய பட்டைகள் முற்றும் அடங்கிவிடவும் இல்லை. 1900ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோயம்புத்தூர் நடுங்கிற்று. 1967இல் கொய்னாவும் 1993இல் லாத்தூரும் நடுங்கியபோது, அசையாத் தொல்நிலம் என்று பாடநூல்கள் எழுதிவந்த சொற்கள் திருத்தம் பெற்றன.

அப்பட்டைக்குத் தெற்கே, மதுரை, நெல்லை, குமரிப் பகுதிகளின் பாறைகள் வேறொரு கதையைக் கொண்டவை. அவையும் பழையனவே, ஆயினும் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் மீண்டும் ஒருமுறை கடும் வெப்பத்தில் புழுங்கியவை. சில இடங்களில் அவ்வெப்பம் 900 பாகையைத் தாண்டியது. அதே வயதில், அதே வகையில் புழுங்கிய பாறைகள் இலங்கையின் நடுமலை நாட்டிலும், மடகாசுகரின் தென்பகுதியிலும், அண்டார்க்டிகாவின் கிழக்குக் கரையிலும் கிடைக்கின்றன. நான்கு நிலங்களும் அன்று ஒன்றோடொன்று மோதி இணைந்து ஒரு பெருங்கண்டம் ஆயின. தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆத்திரேலியா ஆகியனவும் அடங்கிய அக்கண்டத்துக்குக் கோண்டுவானா என்று பெயர்.

இப்பெயர் வந்த வழி இலக்கிய வட்டத்தில் சற்று விரித்துரைக்கத் தக்கது. நடு இந்தியாவில் நிலக்கரிப் படிவுகளை ஆய்ந்த ஹென்றி மெட்லிகாட் 1872இல் அப்படிவுகளுக்குக் கோண்டு மக்கள் வாழும் நாட்டின் பெயரை இட்டார். ஆசுத்திரிய அறிஞர் எடுவர்டு சூயஸ் 1885இல் அதனைத் தென்கோளத்துப் பெருநிலம் முழுமைக்கும் உரியதாக்கினார். கோண்டி மொழி தமிழுக்கு உறவுடைய திராவிட மொழி. கிழக்குத் தொடர்ச்சி மலையின் கோண்டலைட்டு என்னும் பாறை வகையோ கோந்து மக்களின் பெயரால் வழங்குவது. அவர்களுடைய குயி மொழியும் திராவிட மொழியே. உலகின் தொன்மையான கண்டம் ஒன்றுக்குத் திராவிட மொழி பேசும் மக்களின் பெயர் ஏற்கெனவே வழங்கிவருகிறது. பெருமை பேசும் மேடைகளில் இது ஏனோ நினைவுகூரப்படுவதில்லை.

அக்கண்டம் இருந்ததற்குச் சான்று பனியிலும் உண்டு, மரத்திலும் உண்டு. ஒடிசாவின் தால்சேர்ப் பகுதியில் 1856இல் பிளான்போர்டு உடன்பிறந்தார் கண்ட கற்குவியல், பனியாறு இழுத்துவந்து கொட்டியது போல் தோன்றிற்று. வெயிலில் காயும் ஒடிசாவில் பனியாறா என்ற ஐயம் பலகாலம் நீடித்தது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலம் தென்முனைக்கு அருகில் இருந்தது என்று கொண்டபின் ஐயம் தீர்ந்தது. பனி விலகிய பள்ளங்களில் வளர்ந்த காடுகள் மடிந்து நிலக்கரி ஆயின. தால்சேர் நிலக்கரி தமிழகத்து அனல்மின் நிலையங்களிலும் எரிகிறது. அக்காடுகளின் குளோசாப்டெரிசு என்னும் நாக்கு வடிவ இலையின் பதிவுகள் தென்கோளத்துக் கண்டங்கள் அனைத்திலும் கிடைக்கின்றன.

பின்னர்ப் பெருங்கண்டம் பிளந்தது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்க்டிகாவை விட்டு விலகிற்று. 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாசுகரைக் கைவிட்டது. சேசெல்சுத் தீவுகளை 6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வழியில் விட்டது. அதன்பின் வடக்கு நோக்கி ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் விரைந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவை முட்டிற்று. அம்மோதலில் இமயம் எழுந்தது. தென்னகத்துக் குன்றுகளோடு ஒப்பிட இமயம் நேற்றுப் பிறந்த குழந்தை.

அப்பயணத்தின் பதிவேடு தமிழகத்தில் அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் விரிந்து கிடக்கிறது. நிலம் விலகியபோது தாழ்ந்த பகுதியில் கடல் புகுந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் தங்கிற்று. சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டுகள் முதலிய கடல் உயிர்களின் எச்சங்கள் அங்கு ஓடைக் கரைகளில் உதிர்ந்து கிடக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஸ்டோலிக்சுகா அவற்றை வகைப்படுத்தி எழுதிய தொகுதிகள் இன்றும் புரட்டப்படுகின்றன. அவ்வட்டாரத்துச் சாத்தனூரில், கரையிலிருந்து அடித்துவரப்பட்டுக் கடற்சேற்றில் புதைந்த ஒரு மரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் அதனைக் கண்டவர் தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநராக விளங்கிய எம்.எஸ். கிருஷ்ணன். சிமெண்டு ஆலைகள் தோண்டும் சுண்ணாம்புக் கல்லும் அக்கடல் விட்டுச் சென்றதே. அரியலூரில் கடல் நிலத்தைக் கொண்டதும் உண்மை, திருப்பித் தந்ததும் உண்மை. ஆனால் அதைக் காண மனிதர் எவரும் இருந்திலர்.

வடமேற்கே ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் வெடித்துப் பாய்ந்த எரிகுழம்பு இன்றும் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியிருக்கிறது. அசந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டது அக்கருங்குழம்பின் இறுகலில். தமிழகத்தை அது எட்டவில்லை. தமிழ்ச் சிற்பியின் உளிக்கு வாய்த்தது அதனினும் பன்மடங்கு பழைய கல்.

மடகாசுகர் பிரிந்த விளிம்பே மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்துச் சரிவுக்கு அடிப்படை. மேற்கே நிமிர்ந்து கிழக்கே சாய்ந்த இந்நிலத்தில் பேராறுகள் விந்தையான வழியைப் பற்றுகின்றன. கோதாவரி அரபிக் கடலுக்கு 80 கிலோமீட்டர் தொலைவில் பிறந்தும் அதற்கு முதுகு காட்டி, 1465 கிலோமீட்டர் நடந்து வங்கக் கடலை அடைகிறது. காவிரியின் ஓட்டமும் அத்தகையதே. நருமதையும் தபதியும் மட்டும் பிளவுப் பள்ளங்களின் வழியே மேற்கு நோக்குகின்றன. காவிரி சோழ நாட்டில் இறக்கிவைத்த வண்டலுக்கு அடியில் பாறை வெகு ஆழத்தில் உள்ளது. ஆதலாற்றான் தஞ்சைப் பெருங்கோயிலுக்குக் கல் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. நெல்லுக்கு வாய்ப்பான மண் கோயிலுக்கு வாய்க்கவில்லை; மன்னன் அதனைப் பொருட்படுத்தவுமில்லை.

இனி இலக்கியத்தார் எதிர்நோக்கியிருக்கும் வினா. குமரிக்குத் தெற்கே கடல்கொண்ட பெருங்கண்டம் ஒன்று இருந்ததா?

பஃறுளி ஆற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்ட செய்தி சிலப்பதிகாரத்தில் உண்டு. முச்சங்கச் செய்தி இறையனார் களவியல் உரையில் உண்டு. அடியார்க்கு நல்லார் பஃறுளிக்கும் குமரிக்கும் இடைப்பட்ட தொலைவை 700 காவதம் என்றும், அங்கு 49 நாடுகள் இருந்தன என்றும் விரித்தார். இம்மூன்றிலும் இலெமூரியா என்ற சொல் இல்லை. அச்சொல்லைப் படைத்தவர் பிலிப் ஸ்கிலேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலார்; ஆண்டு 1864. மடகாசுகரில் மிகுந்துள்ள லெமூர் என்னும் மரவிலங்குகளுக்கு உறவுடைய தேவாங்கு இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது எங்ஙனம் என்று வியந்த அவர், இடையே ஒரு நிலம் மூழ்கியிருக்க வேண்டும் எனக் கருதினார். ஜெர்மானியர் ஹெக்கல் அந்நிலத்தில் மனித குலத்தையே பிறப்பித்தார். பிளவாட்ஸ்கி அம்மையாரின் நூல் 1888இல் அதற்கு மறைஞானச் சாயம் பூசிற்று. ஐரோப்பிய அறிவியல் அதனைக் கைவிடத் தொடங்கிய காலத்தில் தமிழறிஞர் அதனை வரவேற்றுக் குமரி நாட்டோடு பொருத்தினர். தேவநேயப் பாவாணர் போன்ற பேரறிஞரும் தம் மொழிநூற் கொள்கைக்கு அதனை நிலைக்களமாகக் கொண்டார். அடிமை நாட்டில், தம் மொழியின் தொன்மை மறுக்கப்பட்ட சூழலில், அயலவர் அறிவியலே தந்த சான்று என்று அதனைப் பற்றியோரை எள்ளுதல் முறையன்று. ஆனால் அப்பற்றுக்கோடு வலுவற்றது என்பதை மறைத்தலும் முறையன்று.

இலத்தீன் மொழியில் லெமூர் என்பது இறந்தோரின் ஆவியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பெயருக்கேற்பவே அக்கண்டமும் ஆயிற்று. 1912இல் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். 1960களில் கடற்றரையின் ஆய்வு அதனை உறுதிப்படுத்திற்று. நிலம் மூழ்கியதனால் அன்று, விலகியதனாலேயே மடகாசுகரும் தென்னகமும் இடைவெளி கண்டன. குமரிக்குத் தெற்கே பெருங்கடலின் தரை பல ஆயிரம் மீட்டர் ஆழத்தில் உள்ளது. அது கடலடியிலேயே பிறந்த எரிமலைப் பாறை, கண்டத்தின் பாறையன்று. தேவாங்கும் லெமூரும் தோன்றுவதற்குள் இந்தியாவும் மடகாசுகரும் பிரிந்துவிட்டன. லெமூரின் மூதாதையர் ஆப்பிரிக்காவிலிருந்து மிதக்கும் மரத்திரள்களின் மேல் கடல் கடந்தனர் என்பதே இன்று பெரும்பான்மையோர் கொள்கை. ஸ்கிலேட்டரின் வினா சரியான வினாவே, விலங்குதான் பொருந்தவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்குள் வாழ்ந்து மழைக்காலத்தில் மட்டும் வெளிவரும் ஊதா நிறத் தவளை 2003இல் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. அதன் நெருங்கிய உறவினர் சேசெல்சுத் தீவில் வாழ்கின்றனர். பழைய நில இணைப்பின் உயிர்ச்சான்று அத்தவளை.

700 காவதக் கணக்கையும் எடுத்துப் பார்க்கலாம். காதம் ஒன்றுக்குப் பத்து மைல் என்னும் வழக்கைக் கொண்டால் அது 7000 மைல், அதாவது 11,000 கிலோமீட்டருக்கும் மேல். குமரிமுனையிலிருந்து தென்துருவமே ஏறத்தாழ 10,900 கிலோமீட்டர்தான். உரையாசிரியர் நில அளவைக்காரர் அல்லர். பெருந்தொலைவு என்பதை உணர்த்த அவர் இட்ட எண்ணைக் கோலாகக் கொண்டு வரைபடம் வரைந்தது பிற்காலத்தார் பிழை.

2017இல் மொரீசியசுத் தீவின் எரிமலைப் பாறையில் 300 கோடி ஆண்டு பழைமையுள்ள சிர்க்கான் மணிகள் கிடைத்தன. தீவின் எரிமலைப் பாறையோ 1 கோடி ஆண்டுகூட நிரம்பாதது. ஆதலின் அடியில் பழைய கண்டத் துண்டு ஒன்று புதைந்துள்ளது என்று ஆய்வாளர் முடிவு செய்தனர். குமரிக் கண்டம் கிடைத்துவிட்டது என்று அப்போது எழுந்த ஆரவாரத்தில் ஒரு செய்தி கவனிக்கப்படவில்லை: அத்துண்டு பிளவுண்டு அமிழ்ந்த காலம் மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முந்தியது.

அவ்வாறாயின் கடல்கோள் பொய்யா? அன்று. 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீர் பெரும்பனியாய் உறைந்து நின்ற காலத்தில், கடல்மட்டம் இன்றையதினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் பெரும்பகுதி இன்று சில மீட்டர் ஆழமே உடையது. அன்று அது நிலம். இலங்கைக்கு நடந்து செல்லலாம். குமரிக்குத் தெற்கே மீனவர் வலைவீசும் வாட்ஜ் திட்டும் அன்று வெயில் காய்ந்த தரை. பனி உருக உருக அந்நிலங்கள் மூழ்கின. கடல் இன்றைய மட்டத்தை நெருங்கி ஏறத்தாழ 7,000 ஆண்டுகள் ஆகின்றன. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் மட்டுமே சரியும் சமதரையில், கடல் ஒரு மீட்டர் உயர்ந்தால் கரை ஒரு கிலோமீட்டர் பின்வாங்கும். பாட்டன் உழுத கொல்லை பேரன் காலத்தில் உப்பளம் ஆகும்.

அக்காலத்தில் தென்னகத்தில் மனிதர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், ஹாலண்டு பெயரிட்ட அதே பல்லாவரத்தில், செம்மண் குழியொன்றில் இராபர்ட் புரூசு பூட்டு பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அடுத்து அவர் கண்ட அத்திரம்பாக்கத்தில் மனித இனத்தின் முன்னோர் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லுடைத்தனர் என 2011இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மூழ்கிய கரையோரத்தில் வாழ்ந்தோரின் நினைவு வாய்வழி வழங்கிப் பாட்டில் இடம்பெற்றதா, அன்றிப் பிற்காலத்துப் பேரலையும் புயலும் அக்கதையை ஊட்டினவா என்பது தனியே ஆராயத்தக்கது. 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடி போயிற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் கடல்கோள் என்ற சொல் நாகையிலும் கடலூரிலும் குளச்சலிலும் பொருள் பெற்றது. அன்று கடல் உள்வாங்கியதை வியந்து கரையில் நின்றவர்களுள் பலர் அது திரும்பி வரும் என அறிந்திலர். கடல் கொள்வது மட்டுமன்று; கொடுக்கவும் செய்யும். பாண்டியர் துறைமுகமான கொற்கை, தாமிரபரணியின் வண்டலால் இன்று கரையைவிட்டு உள்ளே தள்ளி நிற்கிறது.

பழம்பாடல் சொன்ன இழப்பு ஓர் ஆற்றின் இழப்பு, ஒரு மலையின் இழப்பு. அதனைக் கண்டமாகப் பெருக்கியதால் பாடலுக்கு வந்த மதிப்பு ஒன்றுமில்லை, வந்தது கேலியே. 20ஆம் நூற்றாண்டின் மேடைகளில் ஒலித்த கண்டத்தைப் பாடநூலிலிருந்து நீக்கினால் தமிழின் தொன்மை குறையும் என்று அஞ்சுவோர், அகழாய்வுக் குழிகளில் கிடைக்கும் பானை ஓட்டை நம்பத் தயங்குகின்றனர் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

குமரிமுனைக் கரையில் பலநிற மணலைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி விற்பர். குமரியம்மனின் திருமணம் நின்றுபோனதால் சமைக்காமல் எஞ்சிய அரிசியும் பருப்பும் மணலாயின என்பது அவ்வூர் வழக்கு. நிலவியலார் பொட்டலத்தைப் பிரித்தால் சிவந்த மணியைக் கார்னெட்டு என்பர், கரியதை இல்மனைட்டு என்பர், மஞ்சள் படர்ந்ததை மோனசைட்டு என்பர். மணவாளக்குறிச்சியில் பிரித்தெடுப்பதும் இவற்றையே. தென்கோடி மலைகளின் பாறை தேய்ந்து ஓடைகள் கொணர்ந்த மணிகள் இவை. மோனசைட்டு மணியில் தோரியமும் யுரேனியமும் சிதைந்து ஈயமான அளவைக் கணித்து வயது காண்பர். குமரிப் பக்கத்துப் பாறைகளில் அக்கணக்குப் பெரும்பாலும் 55 கோடி ஆண்டில் வந்து நிற்கிறது. இலங்கையின் நடுமலையில் எடுத்த மணியும், மடகாசுகரின் தெற்கில் எடுத்த மணியும், அண்டார்க்டிகக் கரையில் பனியை விலக்கி எடுத்த மணியும் அதே எண்ணையே சொல்கின்றன.